அயல்நாட்டில் விமானி வேலை



விமான நிலையத்திற்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், அங்கே நிற்கும் விமானத்தின் பின்பகுதியைச் சற்று உற்றுப் பாருங்கள். சில ஆங்கில எழுத்துகள் அங்கே எழுதப்பட்டிருக்கும். நம் நாட்டு விமானமாயின் அவை 'வி.டி.' என்று தொடங்கும். இலங்கையாயின் '4 ஆர்', மலேசியாவாயின் '9 எம்', சிங்கப்பூராயின் '9 வி', துபாயை உள்ளடக்கிய ஐக்கிய அரபு அமீரகமாயின் 'ஏ 6'. அமெரிக்க விமானத்திற்கு 'என்' என்னும் ஓரெழுத்தே முதலில் நிற்கும். மோட்டார் வண்டிக்குப் பதிவெண் இருப்பது போன்ற ஏற்பாடுதான் இது. பயணம் செய்வோர் இவ்வெழுத்தைக் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அயல்நாட்டில் விமானி வேலை தேடும் இளைஞன் எல்லாவற்றிற்கும் முன்னதாகப் படிக்க வேண்டிய பாடம் இந்த எழுத்துதான்.

காரணம் சொல்கிறேன். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1944-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில் 52 நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. உலகத்து வான்போக்குவரத்து இன்றும் அந்த உடன்படிக்கையின்மேல்தான் நடக்கிறது. விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ, அந்த நாடு கொடுத்த உரிமம், அல்லது அந்த நாடு செல்லும் என்று ஒப்புக்கொண்ட உரிமம், விமானியிடம் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஆகவே, நம் நாட்டில் முறையாகப் பயின்று உரிமம் பெற்றவன் 'வி.டி.' விமானத்தை உலகின் எந்த மூலைக்கும் ஓட்டிச் செல்லலாம். அதே இளைஞன் துபாயில் போய் இறங்கி, 'ஏ 6' என்று எழுதிய விமானத்தில் அமர வேண்டுமானால், அமீரகத்து அரசு அவன் உரிமத்தைப் பார்த்து, சோதித்து, தன் முத்திரையை இட்டுத் தர வேண்டும். இந்திய உரிமம் உலகெங்கும் மதிக்கப்படுகிறது என்று விளம்பரக்காரர் கூறுவது பொய்யன்று. ஆனால் மதிக்கப்படுவது வேறு, செல்லுபடியாவது வேறு.

இந்த வேற்றுமையை எங்கள் நாட்றம்பள்ளி வட்டாரத்தாருக்கு விளக்குவது எளிது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பதனிட்ட தோல் நெடுங்காலமாகக் கடல் கடந்து போய்க்கொண்டிருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனி நாடு, பென்டாகுளோரோபீனால் என்னும் பூசணக் கொல்லி மருந்தைத் தடை செய்தது. தோலில் பூசணம் படராதிருக்க நம் பக்கத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில் அதைத்தான் அப்போது பயன்படுத்தி வந்தார்கள். நம் நாட்டில் அதற்கு அன்று தடையில்லை. ஆனால் சரக்கு போகும் இடம் ஜெர்மனியாயிற்றே! ஒரு கிலோத் தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் அந்த மருந்து இருந்தால் சரக்கை ஏற்கமாட்டோம் என்றார்கள். தோலின் நயத்தில் குறையில்லை. தொழிலாளியின் கைத்திறத்தில் குறையில்லை. எனினும் வாங்குகிறவன் நாட்டுச் சட்டமே நின்றது. வேறு மருந்துக்கு மாறி, சோதனைச் சான்று இணைத்து அனுப்பிய பின்புதான் வியாபாரம் பழைய நிலைக்கு வந்தது. விமானியின் திறமையும் இப்படித்தான். அது நம்மூரில் உண்டாகலாம். அதை அளக்கும் கோல் வேலை கொடுக்கும் நாட்டின் கையில் இருக்கிறது.

அந்த அளவுகோல் எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200-இல் 100 மணி நேரமாவது தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். இரவில் பறத்தல், வெளியே பாராது கருவிகளை மட்டும் நம்பிப் பறத்தல், ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு வழி கண்டு பறத்தல் ஆகியவற்றிற்குத் தனித்தனிக் கணக்கு உண்டு. இவற்றோடு வான்வழி விதிகள், வழி காணல், வானிலை, விமானத்தின் பொறியமைப்பு ஆகிய பாடங்களில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நடத்தும் தேர்வுகள் இருக்கின்றன. தேர்ச்சிக்கு 70 மதிப்பெண் வேண்டும். பள்ளிக்கூடத்தில் 35 வாங்கிக் கரையேறிய பழக்கம் இங்கே உதவாது.

இந்த உரிமத்தை 2022-ஆம் ஆண்டில் 1,165 பேரும், 2023-ஆம் ஆண்டில் 1,622 பேரும் நம் நாட்டில் பெற்றார்கள். இவ்வளவு பேர் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

200 மணி நேரத்தோடு உரிமம் பெற்ற இளைஞனை அயல்நாட்டு நிறுவனம் ஏற்குமா? பெரும்பாலும் ஏற்பதில்லை. இதில் பகையோ நிறவேற்றுமையோ இருப்பதாக நினைக்க வேண்டாம். 200 மணி நேரம் பறந்த இளைஞர்கள் அவர்கள் நாட்டிலேயே வேண்டிய அளவு இருக்கிறார்கள். தம் குடிமக்கள் வேலையின்றி நிற்கையில், அதே தகுதியுள்ள அயலானுக்கு நுழைவுச்சீட்டு வழங்க எந்த அரசு முன்வரும்? அமெரிக்காவிலோ, 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பஃபலோ நகருக்கருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் மாண்ட பிறகு, விதியை இறுக்கிவிட்டார்கள். 2013 முதல் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமர்வதற்குங்கூடப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். ஐரோப்பாவில் மணிக் கணக்கு இவ்வளவு கடுமையன்று. ஆனால் அங்கே 13 பாடங்களை முதலிலிருந்து எழுத வேண்டும். நம் நாட்டில் எழுதித் தேறியவை கணக்கில் வாரா. இருபது ஆண்டு விமானம் ஓட்டிய தலைமை விமானியும் அங்கே மாணவனாக அமர்ந்துதான் அந்தத் தேர்வுகளை எழுதுகிறார்.

அப்படியானால் அயல்நாடு யாரைத் தேடுகிறது? அனுபவம் முதிர்ந்தவரை. இதை அறிய வெளியே போக வேண்டியதில்லை. நம் நாட்டு வரலாற்றையே பார்க்கலாம்.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த கதையை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அந்தத் தபாலைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அவர் நெவில் வின்சென்ட். ஆங்கிலேயரின் வான்படையில் இருந்தவர். 1929-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, ஊர் ஊராக மக்களை விமானத்தில் ஏற்றிக்காட்டிப் பிழைத்தவர். பிழைப்புத் தேடி வந்த அயல்நாட்டு விமானி என்றே அவரைச் சொல்லலாம். அந்த அனுபவமும், தபால் விமானம் நடத்தலாம் என்ற திட்டமும் அவரிடம் இருந்தன. நம்மிடம் அன்று இல்லை. ஆகவே அவருக்கு இங்கே இடம் கிடைத்தது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே கதை பெரிய அளவில் நடந்தது. நம் நாட்டில் புதிய விமான நிறுவனங்கள் பல ஒருசேரத் தோன்றின. துணை விமானிகள் கிடைத்தார்கள். தலைமை விமானிகள் கிடைக்கவில்லை. தலைமை விமானி ஒருவர் உருவாக ஆண்டுகள் பல ஆகும் அல்லவா? ஆகவே அயல்நாட்டுத் தலைமை விமானிகளைத் தற்காலிக அனுமதியின்பேரில் அமர்த்தினார்கள். 'இந்த ஆண்டோடு அவர்களை அனுப்பிவிட வேண்டும்' என்று அரசு நாள் குறிப்பதும், ஆள் போதாமையால் அந்த நாளைத் தள்ளிவைப்பதும் பலமுறை நடந்தன. நம்மவர் தகுதி பெறப்பெற அவர்கள் தொகை குறைந்தது. இதை அப்படியே திருப்பிப் பாருங்கள். நாம் அயல்நாட்டுக்குப் போகும்போதும் நம் நிலை இதுதான். அங்கே தலைமை விமானிக்குத் தட்டுப்பாடு உள்ளவரையில் அழைப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் தலையெடுத்தபின் வழியனுப்புவார்கள். சீன நாட்டு நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு முன் மிகப் பெரிய சம்பளம் சொல்லி அயல்நாட்டாரை அழைத்தன. அவையும் தலைமை விமானிகளைத்தான் அழைத்தன.

வளைகுடா நாடுகளின் நிலை சற்று வேறு. எமிரேட்ஸ் நிறுவனம் 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் துபாயிலிருந்து கராச்சிக்குத் தன் முதல் பயணத்தைத் தொடங்கியபோது, அதற்குச் சொந்த விமானம்கூட இல்லை. பாகிஸ்தான் நிறுவனத்திடம் வாடகைக்கு வாங்கிய விமானம் அது. கத்தார் ஏர்வேஸ் 1994-இலும், எத்திஹாத் 2003-இலும் பறக்கத் தொடங்கின. நாடு சிறிது, குடிமக்கள் சிலர், விமானங்களோ பல. ஆகவே அயல்நாட்டு விமானி அங்கே நிலையான தேவை. நம் நாட்டு விமானிகள் அங்கே பலர் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். அவர்களுள் மிகப் பலர் இங்கே ஒரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் ஓட்டி, 1,500 மணி நேரத்தைக் கடந்து, மேல்நிலை உரிமமாகிய போக்குவரத்து விமானி உரிமம் பெற்று, அதன்பின் போனவர்கள். ஓர் ஆண்டில் 1,000 மணி நேரத்துக்குமேல் பறக்க நம் விதி இடம் தருவதில்லை. ஆகவே 200-இலிருந்து 1,500-ஐ எட்ட, வேலை கிடைத்த நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும் என்று கொள்ளலாம். வேலை கிடைக்கும் வரை காத்திருக்கும் காலம் இதில் சேரவில்லை.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்த ஒருவர், காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தம் மகனை அழைத்துக்கொண்டு ஒரு மாலை வந்தார். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண் வாங்கியவன். கையில் ஒரு வண்ணத்தாள் புத்தகம். 'சார், பதினைந்து மாதம் வெளிநாட்டில் பயிற்சி, முடித்தவுடன் அங்கேயே வேலை என்கிறார்கள். மாந்தோப்பை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்' என்றார்.

நான் அந்தத் தாளைப் பார்க்குமுன், பையனிடமே கொடுத்து, வேலையைப் பற்றிய வாக்கியத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். 'பயிற்சி முடித்தவர்களுக்குப் பன்னாட்டு நிறுவனங்களில் வேலை பெறுவதற்கான வழிகாட்டுதல் அளிக்கப்படும்' என்று படித்தான். 'தம்பி, இந்த வாக்கியத்தில் எது அளிக்கப்படும்?' என்று கேட்டேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'வழிகாட்டுதல், ஐயா' என்றான். தந்தை தாளை வாங்கித் தாமும் ஒருமுறை படித்தார். இலக்கண வகுப்பில் எழுவாயையும் பயனிலையையும் பிரித்துக் காட்டும்போது, 'இது எதற்கு உதவப் போகிறது' என்று முணுமுணுத்த கூட்டத்தில் அவரும் ஒருவர் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. அதை நான் சொல்லவில்லை.

அடுத்து, பயிற்சி முடிவில் எந்த நாட்டின் உரிமம் கிடைக்கும் என்று கேட்டேன். பயிலும் நாட்டின் உரிமம் என்றார்கள். அந்த நாட்டில் வேலை செய்ய அயலானுக்கு அனுமதி உண்டா? அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்லும் இல்லை. அனுமதி இல்லையெனில், அந்த உரிமத்தோடு நாடு திரும்பி, நம் தலைமை இயக்குநரகத்தின் தேர்வுகளை எழுதி, சோதனைப் பறத்தல் செய்து, இந்திய உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். பலர் இவ்வழியில் வந்து நன்றாகவே இருக்கிறார்கள். அயல்நாட்டில் பயில்வதே தவறு என்று நான் கூறவில்லை. அங்கே வானிலையும் விமான வசதியும் நன்றாக இருந்தால் பயிற்சி விரைவில் முடிவதுண்டு. ஆனால் அயல்நாட்டில் பயில்வது அயல்நாட்டில் வேலைக்கு முன்பணம் என்று எண்ணுவதுதான் பிசகு.

பணக் கணக்கையும் பார்த்தோம். பயிற்சிக்கு அரைக் கோடியை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகிவிடுகிறது. அதன்பிறகு பெரிய விமானம் ஒன்றின் வகைக்கெனத் தனிப் பயிற்சி உண்டு. போயிங் 737 ஓட்டக் கற்றவன் ஏர்பஸ் 320-ஐ ஓட்ட முடியாது. அதற்கு வேறு பயிற்சி, வேறு செலவு. அரைக் கோடியை நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடன் வாங்கினால், ஆண்டுக்கு வட்டி மட்டும் 5 லட்சம். மாதம் 41,000 ரூபாய்க்கு மேல். வேலை ஓராண்டு தள்ளிப்போனால் வட்டி காத்திருக்குமா? வேலையின்றி இருக்கும் உரிமக்காரனுக்கு இன்னொரு செலவும் உண்டு. பறக்காமல் இருந்தால் உரிமம் தளர்ந்துவிடும். வேலை இல்லாத காலத்திலும் காசு கொடுத்து அவ்வப்போது பறந்துகொண்டிருக்க வேண்டும். வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை; பணியில்லாத ஆசிரியர் எவரும் வாடகைக்கு வகுப்பறை எடுத்துப் பாடம் நடத்துவதில்லை.

இன்னும் ஒரு வலையைப் பற்றி அவருக்கு எச்சரிக்கை செய்தேன். சில நாடுகளில், இளைஞனிடம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, சில நூறு மணி நேரம் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவைத்து, மணி முடிந்ததும் அனுப்பிவிடும் ஏற்பாடு உண்டு. வேலை என்ற பெயரில் கூலி வாங்குவதற்குப் பதிலாகக் கூலி கொடுப்பது அது. அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் எவராயினும், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. அவர் வாங்கத்தக்க கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் என்று வரம்பு கட்டினார்கள். பதிவு உண்டா இல்லையா என்பதைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் காப்பாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். லட்சக்கணக்கில் முன்பணம் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். பேச்சின் சுருதி மாறுவது தெரியும்.

பணம் கட்டுமுன் செய்ய வேண்டியது உடற்சோதனை. முதலில் இரண்டாம் வகுப்புச் சோதனை, பின்பு முதல் வகுப்புச் சோதனை. கண்ணில் பிறவியிலேயே நிறம் பிரித்தறியும் குறை இருந்தால், அதுவரை தெரியாமலே இருந்திருக்கலாம். அன்றாட வாழ்க்கையில் அதனால் இடரொன்றும் நேராது. பட்டணத்து மருத்துவர் கண்டு சொல்லும்போதுதான் வீட்டாருக்கே தெரியவரும். தோப்பை விற்றபின் அதை அறிவதைக் காட்டிலும் விற்குமுன் அறிவது நன்று. பெங்களூரில் வான்படையினரின் வான்வெளி மருத்துவ நிலையம் இருக்கிறது. ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் சில மணி நேரப் பயணம்.

ஆங்கிலத்தைப் பற்றி அந்தப் பையனுக்கு ஓர் அச்சம் இருந்தது. அவன் தமிழில் பயின்றவன். நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கும் இந்த அச்சம் உண்டாதலால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டுத் தெனெரிபே தீவில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டனர். புறப்பட அனுமதி கிடைத்ததென்று ஒரு விமானி எண்ணிவிட்டார், கிடைக்கவில்லை. வானொலியில் நடந்த சில சொற்களின் குழப்பமே அதற்கு ஒரு காரணம். அதன்பின் 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும், அதைத் திரும்பச் சொல்லும்போதும், அந்த அனுமதியை நீக்கும்போதும் அன்றி வேறு சமயத்தில் உச்சரிக்கலாகாது என்று ஆக்கினார்கள். ஒரு சொல்லைப் பேழையில் வைத்துப் பூட்டியதைப் போல இருக்கிறது அல்லவா?

நம் நாட்டிலேயே, 1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், அரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊரின்மேல், சவூதி நாட்டு விமானமும் கசகஸ்தான் விமானமும் நடுவானில் மோதின. 349 பேர் மாண்டனர். ஒருவரும் பிழைக்கவில்லை. சவூதி விமானத்தில் இருந்தவர்களுள் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன நம் நாட்டார் பலர். கசகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டியது. அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானக் குழுவினரின் ஆங்கில அறிவுக் குறைவும் விசாரணையில் பேசப்பட்டது. இத்தகைய விபத்துகளின் பயனாகவே, அயல்நாட்டுப் பாதையில் பறக்கும் விமானிக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு 2008 முதல் உலகெங்கும் கட்டாயமாயிற்று. அதில் ஆறு படிகள். நான்காம் படி எட்டினால் போதும். ஆனால் நான்காம் படியில் உள்ளவன் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், ஐந்தாம் படியில் உள்ளவன் ஆறு ஆண்டுக்கு ஒருமுறையும் மீண்டும் தேர்வுக்கு வர வேண்டும். ஆறாம் படிக்கு மறுதேர்வு இல்லை.

இதில் நான் கண்டது ஒன்று. இத்தேர்வு மேனாட்டாரைப் போல நாக்கைச் சுழற்றிப் பேசுவதைக் கேட்பதில்லை. தாய்மொழியின் ஒலி ஆங்கிலத்தில் கலந்திருக்கலாம். கேட்பவனுக்குப் பொருள் மயங்காதிருக்க வேண்டும், அவ்வளவே. எண்களைக்கூட மயங்காதபடி மாற்றி வைத்திருக்கிறார்கள்: மூன்றை 'ட்ரீ' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும், ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்ல வேண்டும். தமிழ்வழி மாணவன் இதை வெகு விரைவில் கற்றுவிடுவான். அவனுக்குக் கடினமானது மனப்பாடத்துக்கு வெளியே உள்ள பேச்சு: பயணி ஒருவர் மயங்கி விழுந்தார், சக்கரத்தில் ஏதோ மோதியது, புகை நாற்றம் வருகிறது என்று தன் சொந்த வாக்கியத்தில் உடனே சொல்ல வேண்டிய பேச்சு. அதற்கு நாள்தோறும் வாய்விட்டுப் பேசிப் பழகுவதைத் தவிர வேறு மருந்தில்லை.

நேர்மையைப் பற்றி ஆசிரியன் பேசினால் உபதேசம் என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். 2020-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் கராச்சியில் ஒரு பயணிகள் விமானம் வீடுகளின்மேல் விழுந்தது. அதையொட்டி, பாகிஸ்தானின் விமானப் போக்குவரத்து அமைச்சர், தம் நாட்டு விமானிகள் 860 பேருள் 262 பேரின் உரிமம் ஐயத்திற்குரியது, தேர்வைத் தாமே எழுதாதவர்கள் இருக்கிறார்கள் என்று மன்றத்தில் சொல்லிவிட்டார். உடனே மலேசியா, வியட்நாம் முதலிய நாடுகள் தம்மிடம் வேலை செய்த பாகிஸ்தான் விமானிகளை நிறுத்திவைத்தன. ஐரோப்பா அந்நாட்டு அரசு நிறுவனத்தின் விமானங்களுக்கே தடை விதித்தது. தடை நீங்க 2024-ஆம் ஆண்டு நவம்பர் ஆயிற்று. தானே படித்துத் தானே எழுதித் தேறியவனும் அந்த நாட்களில் அயல்நாட்டில் தலைகுனிந்து நின்றிருப்பான். நம் நாட்டிலும் 2011-ஆம் ஆண்டு, போலி மதிப்பெண் சான்று கொடுத்து மேல்நிலை உரிமம் பெற்றவர் சிலர் பிடிபட்டனர். வேலை கொடுக்கும் அயல்நாடு, விண்ணப்பதாரரின் உரிமத்தைப் பற்றி நம் இயக்குநரகத்திற்கே எழுதிக் கேட்டு விடை பெறுகிறது. பறந்த மணிக் கணக்குப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்க்கிறது. பறக்காத மணியை எழுதிக் கூட்டித் தருகிறோம் என்று கூறும் பயிற்சிப் பள்ளி, இளைஞனுக்கு உதவி செய்வதில்லை. பத்தாண்டு கழித்து வெடிக்கும் வாணத்தை அவன் பையில் வைத்து அனுப்புகிறது.

அயல்நாட்டு வேலையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் ஜெட் ஏர்வேஸ் நிறுவனம் தன் விமானங்களை நிறுத்தியபோது, மாதக்கணக்கில் சம்பளம் காணாத விமானிகள் பலர் வெளிநாட்டில் வேலை தேடினர். அனுபவம் இருந்ததால் கிடைத்தது. மறு ஆண்டே கொரோனா நோய் வந்தது. வளைகுடா நிறுவனங்கள் பெருந்தொகையான விமானிகளை நீக்கின. அங்கே குடியிருக்கும் அனுமதி வேலையோடு பிணைந்தது. வேலை போனால் குறித்த நாளுக்குள் வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, கப்பலுக்கோ விமானத்துக்கோ மூட்டை கட்ட வேண்டியதுதான். நம் நாட்டில் இருந்தவர்களுக்கும் சம்பளம் குறைந்தது. ஆனால் யாரும் அவர்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லவில்லை.

இங்கிருந்து போவதும் நினைத்தவுடன் நடவாது. தலைமை விமானி ஓராண்டும், துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு இயக்குநரகம் விதித்தது. விமானிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். பயணிகளின் வசதிக்காக ஏற்பட்ட விதி என்று அரசு கூறுகிறது. எந்த உத்தியோகத்திலும் இவ்வளவு நீண்ட விலங்கு இல்லை என்று விமானிகள் கூறுகின்றனர். விமானிகள் பக்கத்திலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அயல்நாட்டு நிறுவனம் ஓராண்டு காத்திருக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வழி அடைந்துவிட்டதா என்று சிலர் கேட்கக்கூடும். முற்றும் அடைந்துவிடவில்லை. பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கான மைய அரசின் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டத்தில், வணிக விமானி உரிமப் பயிற்சியும் ஒரு படிப்பாகச் சேர்க்கப்பட்டுள்ளது. இது இந்தியாவில் பயில்வோருக்கு மட்டும். உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்ச் என்னுமிடத்தில் மைய அரசின் விமானப் பயிற்சிக் கழகம் 1980-களிலிருந்து நடந்துவருகிறது. நுழைவுத்தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள். இச்செய்திகள் நம் பள்ளிகளின் அறிவிப்புப் பலகைகளில் காணப்படுவதில்லை. வண்ணத்தாள் புத்தகம் மட்டும் ஊர்தோறும் வந்துவிடுகிறது.

வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் ஒரு பழைய விமானத்தளம் இருக்கிறது. 2006-க்குப் பின் சில ஆண்டுகள் சென்னைப் பறக்கும் கழகத்தின் மாணவர்கள் அங்கே பயிற்சிப் பறத்தல் செய்தார்கள். நெடுஞ்சாலையில் போவோர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்ததுண்டு. அப்படிப் பார்த்து நின்ற சிறுவர்களுள் எத்தனை பேர் மனத்தில் அந்தச் சிறு விமானம் இறங்கி உட்கார்ந்துவிட்டதோ!

நான் சொன்ன பையனின் தந்தை அன்று நெடுநேரம் பேசவில்லை. போகும்போது, 'இவனை நான் தடுக்க வேண்டும் என்கிறீர்களா, சார்?' என்று கேட்டார். தடுக்க வேண்டாம் என்றேன். செலவு குறைந்த படிகளை முதலில் ஏறச் சொன்னேன். உடற்சோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய். பாடத் தேர்வுகளைப் பறக்கும் பயிற்சிக்கு முன்பே, வீட்டிலிருந்து படித்தே எழுதலாம். விதி அதற்கு இடம் தருகிறது. அவற்றில் தேறியவனுக்குப் பயிற்சிப் பள்ளியிலும் மதிப்பு உண்டு.

பையன் இரண்டாம் வகுப்பு உடற்சோதனையில் தேறிவிட்டான். இப்போது வானிலைப் பாடம் படிக்கிறான். ஏலகிரியின்மேல் மேகம் கவியும் மாலைகளில் அதன் வகையைப் பெயர் சொல்லித் தன் தந்தைக்குக் காட்டுகிறானாம். தோப்பு இன்னும் விற்கவில்லை. முதல் மூன்று தேர்வுகளின் முடிவு வரட்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.